பேய்க் காமெடி எத்தனை பாகம் தாங்கும்? 'டிடி நெக்ஸ்ட் லெவல்' பார்த்தவர்கள் பேசலாம்

கடைசி வரிசை:
நேற்று மாலைக் காட்சிக்குப் போய்விட்டு வந்தேன். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை: கிஸ்ஸா என்று ஒரு சினிமா விமர்சகர், சந்தானம். விமர்சகர்கள் என்றாலே கொலைவெறியில் இருக்கும் ஒரு இயக்குநரின் பேய், செல்வராகவன். அந்தப் பேய் தன் தியேட்டருக்கு கிஸ்ஸாவை வரவழைக்கிறது. அவர் குடும்பம் மொத்தமும் திரையில் ஓடும் படத்துக்குள்ளேயே போய் மாட்டிக்கொள்கிறது. வெளியே இருக்கும் கிஸ்ஸா உள்ளே போய் அவர்களை மீட்க வேண்டும்.

கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! அந்த ஆசையில்தான் போனேன். முதல் அரைமணி நேரம் சிரித்தேன், மறுக்கவில்லை. அதற்குப் பிறகு யார் யாரைத் துரத்துகிறார்கள், எதற்காகத் துரத்துகிறார்கள் என்றே புரியவில்லை.

இந்த ஒரு படத்தோடு முடிகிற வருத்தம் இல்லை. 'தில்லுக்கு துட்டு' (அதன் சுருக்கம்தான் 'டிடி') 2016, அதன் இரண்டாம் பாகம் 2019, 'டிடி ரிட்டர்ன்ஸ்' 2023, இப்போது 2025-ல் இது. 'அரண்மனை' நான்கு வந்தாயிற்று. 'முனி'யில் ஆரம்பித்து 'காஞ்சனா 3' வரை நான்கு. 'சந்திரமுகி 2' வந்தது, 'சூது கவ்வும் 2' வந்தது. முதல் படத்தின் பெயர் மட்டும் போஸ்டரில் இருக்கிறது, உள்ளே அந்தப் படத்தின் உயிர் இல்லை. ரசிகனுக்கு ஒரு பெயரின் மேல் இருக்கும் பாசத்தை எடுத்துக் காசாக்குகிறார்கள். இதை நாம் எவ்வளவு நாள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோம்?

பால்கனி டிக்கெட்:
கடைசி வரிசை, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் முழுசாக மறுக்கிறேன்.

எங்கள் ஊர் மதுரைப் பக்கம். திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் போடாத வருஷம் கிடையாது. முருகன் கிழவனாக வருவார், யானை வரும், வள்ளி பயப்படுவாள், கல்யாணம் நடக்கும். பால்குடிப் பிள்ளைக்கும் கதை தெரியும். ஆனாலும் ராத்திரி பத்து மணிக்குப் பாயும் தலையணையுமாக இடம் பிடிக்கப் போகிறோமே, ஏன்? பபூனுக்காக. கதை மாறாது, பபூன் மாறுவார். அந்த ஊர் தலைவர், அந்த ஊர் டீக்கடை, அந்த வாரச் சண்டை எல்லாவற்றையும் இழுத்துப் பேசுவார். பேய்க் காமெடியும் அப்படித்தான். பங்களா, பேய், ஒரு சோகமான முன்கதை, கடைசியில் சாமி பாட்டு. இதெல்லாம் மேடை. மேடை ஒன்றாக இருப்பது குறை இல்லை.

'அரண்மனை 4' கிளைமாக்ஸில் அம்மன் பாட்டு ஆரம்பித்ததும் என் பக்கத்து சீட்டில் இருந்த பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். அவர்களுக்கு அது எத்தனையாவது பாகம் என்று தெரியாது, தெரியவும் தேவையில்லை.

கேன்டீன்:
நான் ஒரு சின்ன ஊர் தியேட்டரில் கேன்டீன் நடத்துகிறேன். ஒரு திரைதான். என் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் கோடைக்கு முன்னால் எங்கள் நிலைமை ரொம்ப மோசம். பெரிய தமிழ்ப் படம் எதுவும் கைகொடுக்கவில்லை. மலையாளத்தில் இருந்து வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' ஓடியது. ஏப்ரலில் இருபது வருஷத்துக்கு முந்தைய 'கில்லி'யைத் திரும்பப் போட்டார்கள், அதற்கு வந்த கூட்டம் புதுப் படத்துக்கு வரவில்லை. மே 3-ஆம் தேதி 'அரண்மனை 4' வந்தது. முதல் நாள் சுமார்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பம் குடும்பமாக ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இடைவேளை பதினைந்து நிமிஷத்துக்குள் நான் போட்டு வைத்திருந்த பப்ஸ் மொத்தமும் காலி. அந்த மாதிரி ஒரு ஞாயிறு பார்த்து எனக்கு மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

ஒரு சின்னப் பாப்பா, ஐந்து வயசு இருக்கும். பாதிப் படத்தில் பயந்து வெளியே ஓடி வந்துவிட்டாள். கவுண்டர் பக்கத்தில் நின்று முறுக்கைக் கடித்துக்கொண்டே இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, "மாமா, பேய் போயிடுச்சா?" என்று கேட்டாள். உள்ளே எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டதும், "போயிடுச்சு" என்று தானே முடிவு செய்துகொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

பாகம் நான்கோ நாற்பதோ, குடும்பம் தியேட்டருக்கு வர வேண்டும். அது நின்றுவிட்டால் நீங்கள் கேட்கிற நல்ல படத்தைப் போட இடமே இருக்காது.

எடிட்டிங் மேசை:
படத்தொகுப்பு உதவியாளராகச் சில வருஷம் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பால்கனி டிக்கெட் சொன்ன பபூன் உதாரணம் அருமை. ஆனால் அதில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. பபூன் பேசும்போது மிருதங்கக்காரர் வாசிக்க மாட்டார். பேசி முடித்த பிறகுதான் ஒரு தட்டு. இன்றைக்கு வருகிற பேய்க் காமெடிகளில் வசனம் முடிவதற்கு முன்பே பின்னணி இசை குதித்துவிடுகிறது. சிரிப்பதற்குக் கொஞ்சம் மௌனம் வேண்டும், பயப்படுவதற்கு அதைவிட அதிக மௌனம் வேண்டும். இரண்டையும் கொடுக்காமல் இரண்டையும் எதிர்பார்க்கிறார்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். 'டிடி ரிட்டர்ன்ஸ்' ஏன் வேலை செய்தது என்று யோசித்துப் பாருங்கள். பாண்டிச்சேரியில் ஒரு பங்களா. ஒரு காலத்தில் அங்கே உயிரைப் பணயம் வைக்கும் சூதாட்டம் நடத்திய குடும்பம் இப்போது பேயாக இருந்து அதே ஆட்டத்தை நடத்துகிறது. உள்ளே ஒரு பணப்பை. அதற்காக வந்து மாட்டிக்கொள்ளும் கும்பல்கள். ஆட்டத்தின் விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்: ஜெயித்தால் வெளியே போகலாம், தோற்றால் சாவு. விதி நமக்குத் தெரியும். அதனால் ஒருவன் முட்டாள்தனமாக ஒரு காரியம் செய்யும்போது, 'ஐயையோ, இவன் எல்லாரையும் கொல்லப் போகிறானே' என்று பயமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. இரண்டும் ஒரே நொடியில்.

'நெக்ஸ்ட் லெவல்' அந்த இடத்தில்தான் சறுக்கிவிட்டது. படத்துக்குள் படம் என்றவுடன் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று ஆகிவிட்டது. உள்ளே இருக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தாங்கள் யார் என்பதே மறந்து, படத்தின் பாத்திரங்களாகவே நடந்துகொள்கிறார்கள். நல்ல கற்பனை. ஆனால் எப்போது என்ன செய்தால் ஆபத்து, எதைச் செய்தால் தப்பிக்கலாம் என்று எனக்குத் தெளிவாகவே இல்லை. ஆபத்து தெரியாவிட்டால் சிரிப்பும் பாதிதான்.

'மரகத நாணயம்' (2017) நினைவிருக்கிறதா? நாணயத்தைத் தொட்டவன் சாவான், அதனால் செத்தவர்களை வைத்தே எடுக்க வேண்டும். ஒரே வரி விதி. நிக்கி கல்ராணியின் உடம்பில் ஆண் ஆவி புகுந்து கரகரப்பான ஆண் குரலில் பேசும்போது தியேட்டர் அதிர்ந்தது. கதை எவ்வளவு கிறுக்கு, ஆனால் விதியை ஒரு இடத்திலும் மீறவில்லை.

கடைசி வரிசை:
எடிட்டிங் மேசை, நான் சொல்லத் தெரியாமல் திணறியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். 'சூது கவ்வும்' (2013) கூட அப்படித்தான். கடத்தலுக்கு ஐந்து விதி வைத்திருப்பார் விஜய் சேதுபதி. அதிகாரத்தில் இருப்பவன் மேல் கை வைக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. அமைச்சர் மகனைக் கடத்தியவுடன் அந்த விதி உடைகிறது, அங்கிருந்துதான் எல்லாம் தலைகீழாகப் போகிறது. முதலில் விதி சொல்லி அப்புறம் உடைத்தால்தான் அது நகைச்சுவை. டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தக் கட்டுமானம் எனக்குக் கிடைக்கவே இல்லை. பழைய ஆட்களின் முகத்தைக் காட்டினால் கைதட்டுவோம் என்று நினைத்துவிட்டார்கள்.

பால்கனி டிக்கெட்டுக்கு: பபூன் ஊருக்கு ஊர் பேச்சை மாற்றுவார் என்று நீங்களே சொல்கிறீர்கள். நேற்று மேலூரில் சொன்ன ஜோக்கை இன்று திருமங்கலத்தில் அப்படியே சொன்னால் விடுவார்களா? எனக்கு மேடை பழசாக இருப்பது பிரச்சினை இல்லை. பபூனும் பழைய பேச்சையே பேசுகிறார், அதுதான் பிரச்சினை.

வளசரவாக்கம் அம்மா:
நான் ஒரு வேறு விஷயம் கேட்கிறேன். இங்கே எல்லாரும் குடும்பம் குடும்பம் என்று சொல்கிறீர்கள். ஒன்பது வயசுப் பெண்ணையும் பதிமூன்று வயசுப் பையனையும் கூட்டிக்கொண்டு போகிற அம்மா நான். பேய் வருவதற்கு நான் பயப்படவில்லை. அடுத்த வசனம் என்ன வருமோ என்றுதான் பயப்படுகிறேன்.

குண்டாக இருப்பவரைப் பார்த்து ஒரு ஜோக், பல் எடுப்பாக இருப்பவரைப் பார்த்து ஒரு ஜோக், கறுப்பாக இருப்பவரைப் பார்த்து ஒரு ஜோக். என் பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். போன வருஷம் ஒரு படத்தில் (பெயர் வேண்டாம்) உடம்பை வைத்து ஒரு வசனம் வந்தபோது தியேட்டரே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த பாப்கார்னை மெதுவாகக் கீழே வைத்துவிட்டாள். வீட்டுக்கு வரும்வரை சாப்பிடவில்லை.

இப்போது தணிக்கைச் சான்றிதழில் 7 வயது, 13 வயது, 16 வயது என்று பிரித்துப் போடுகிறார்கள். நல்ல மாற்றம். டிக்கெட் எடுக்கும் முன் அந்த எண்ணைப் பார்க்கிறேன். ஆனால் ரத்தத்துக்கு எண் போடுகிற மாதிரி இந்த வலிக்கு யாரும் எண் போடுவதில்லை.

இதே பேய்க் காமெடியில்தான் 'காஞ்சனா'வும் வந்தது, 2011-ல். ராத்திரி பாத்ரூம் போக அம்மாவைத் துணைக்குக் கூப்பிடுகிற ஆள்தான் கதாநாயகன். ராகவா லாரன்ஸும் கோவை சரளாவும் சேர்ந்து வருகிற அந்தக் காட்சிகளை இப்போது போட்டாலும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். யாரையும் இழிவு செய்யாத சிரிப்பு. அப்புறம் சரத்குமார் திருநங்கையாக வரும் முன்கதை. வீட்டை விட்டு விரட்டப்பட்டவள், தன்னைப் போலவே இன்னொரு பிள்ளையைத் தத்தெடுத்து டாக்டருக்குப் படிக்க வைக்கிறாள். என் பையன் அன்றைக்குத்தான் முதல்முறையாக, "அவங்களை ஏம்மா எல்லாரும் கேலி பண்றாங்க?" என்று கேட்டான். படம் முழுக்கக் குறையில்லாதது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பேய்ப்படம் என் வீட்டில் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது.

பால்கனி டிக்கெட்:
மேடம், உங்கள் பெண்ணைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்த விஷயத்தில் நான் எதிர்த்துப் பேச ஒன்றும் இல்லை. வள்ளி திருமணத்திலும் பபூன் பேச்சு எல்லை மீறியதால் எங்கள் சித்தி பாதியில் எழுந்து வந்திருக்கிறார்.

திருப்பூர் ஷிப்ட்:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் பனியன் கம்பெனியில் டெய்லர். வாரத்துக்கு ஆறு நாள் மெஷின் சத்தம், ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. கடைசி வரிசை அண்ணா, அந்த ஒரு நாளில் நான் போய் உட்கார்ந்து, ஏற்கெனவே தெரிந்த மாதிரி ஒரு படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருவது ஏன் தப்பு? புதுசாக யோசிக்க வைக்கிற படமும் எனக்குப் பிடிக்கும். ஆனால் எல்லா ஞாயிறும் அதற்குத் தெம்பு இருக்காது. சந்தானம் வாயைத் திறந்தால் எங்கள் ரூமில் எட்டுப் பேரும் சிரிப்போம், அவர் 'லொள்ளு சபா'வில் வந்த காலத்தில் இருந்தே எங்களுக்கு அவர் வீட்டு ஆள் மாதிரி.

இன்னொன்று சொல்ல வேண்டும். 'அரண்மனை 4' பேய்க்குப் பெயர் பாக். எங்கள் லைனில் அசாம் பையன்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவனைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். படத்தில் பிரம்மபுத்திரா என்று வந்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். பாக் அவர்கள் ஊர்க் கதையாம். குளத்துப் பக்கம் இருக்கும், மீன் என்றால் உயிர், இடுப்பில் ஒரு பை வைத்திருக்கும், அந்தப் பையைப் பிடுங்கிவிட்டால் நாம் சொன்னபடி கேட்குமாம். கொன்ற ஆளின் உருவத்திலேயே வீட்டுக்குள் வந்துவிடுமாம். அவன் பாட்டி சொன்னதாம். தமிழ் அவனுக்குப் பாதிதான் புரியும். ஆனால் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அவன்தான் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தான். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தவன், அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தான்.

நான்காவது பாகம் என்று எல்லாரும் சலித்துக்கொண்டீர்களே, அந்த நான்காவதில்தான் இது வந்தது.

எடிட்டிங் மேசை:
தம்பி, இது எனக்குத் தெரியாத விஷயம். நன்றி. நான் சொல்ல வந்ததற்கும் இதுதான் சரியான சான்று. 'அரண்மனை' வரிசையில் பழிவாங்கும் ஆவிகளே வந்து கொண்டிருந்தன. நான்காவதில் உருவம் மாறும் பேயைக் கொண்டு வந்ததும், எதிரே நிற்பது உண்மையான ஆளா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிட்டது. தமன்னாவின் தாய்ப்பாசம் அதற்குப் பக்கபலம். விதி புதுசு, அதனால் படம் ஓடியது.

பழைய கதை ஒன்றும் சொல்கிறேன். இரண்டாம் பாகம் இப்போது வந்த வியாதி என்று நினைக்கிறோம். 'கல்யாணராமன்' 1979-ல் வந்தது. எத்துப்பல்லோடு வெள்ளந்தியான கல்யாணமாகக் கமல். அவர் கொல்லப்பட்டு, ஆவியாகத் தம்பி ராமன் உடம்பில் புகுவார். பேய்க் காமெடிதான் அது! 1985-ல் 'ஜப்பானில் கல்யாணராமன்' என்று தொடர்ச்சி எடுத்து, ஜப்பானில் நடந்த எக்ஸ்போ கண்காட்சிக்கே போய்ப் படம்பிடித்தார்கள். ஊர் புதுசு, கண்காட்சி புதுசு. ஆனால் முதல் படத்தில் கல்யாணம் சாகும்போது நம் தொண்டை அடைக்கும், அது இரண்டாவதில் இல்லை. முதல் படம் நின்ற உயரத்துக்கு அது வரவில்லை. நாற்பது வருஷம் ஆகிறது, இன்னும் அதே தவறுதான்.

கடைசி வரிசை:
திருப்பூர் தம்பி, நீ சிரிப்பது தப்பு என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம் உன் மேல் இல்லை. உன்னுடைய அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு மரியாதை கொடுத்து எழுத வேண்டும் என்றுதான் சொல்கிறேன். எட்டுப் பேர் டிக்கெட், பஸ், டீ எல்லாம் சேர்த்துப் பார். அது எவ்வளவு நேரம் மெஷினில் உட்கார்ந்து சம்பாதித்த காசு?

இந்தப் படத்தில் எனக்கு இன்னொரு உறுத்தல் உண்டு. போன நவம்பரில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்களை விமர்சனம் எடுக்க விடக்கூடாது என்று அறிக்கை விட்டது. அடுத்த மாதமே, படம் வந்த முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்கவில்லை. அந்தச் சூடு ஆறும் முன் விமர்சகர்களைக் கொல்லும் பேய் என்று ஒரு படம். நல்ல வாய்ப்பு இது. காசு கொடுத்துப் பார்த்தவன் ஏன் திட்டுகிறான், எடுத்தவன் ஏன் துடிக்கிறான் என்று இரண்டு பக்கமும் புகுந்து விளையாடி இருக்கலாம். ஆரம்பத்தில் தொட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள்.

பால்கனி டிக்கெட்:
இதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கௌதம் வாசுதேவ் மேனன் போலீஸ் அதிகாரியாக வந்து, தன் பழைய படங்களையே கிண்டல் செய்ய இடம் கொடுத்திருக்கிறாரே? அந்தக் காட்சியில் எங்கள் தியேட்டர் முழுக்க எழுந்து கத்தியது. ஒரு இயக்குநர் தன்னைத் தானே இப்படி விட்டுக்கொடுப்பது பெரிய மனசு. அதைச் சொல்லாமல் படத்தை மொத்தமாக ஒதுக்குவது நியாயம் இல்லை.

புதுசாக இருந்தால்தான் ஓடும் என்பதையும் நான் நம்பவில்லை. பொங்கலுக்கு வந்த 'மதகஜராஜா'வைப் பாருங்கள். 2013 பொங்கலுக்கு வர வேண்டியது, பன்னிரண்டு வருஷம் பெட்டியில் கிடந்தது. விஷால், சந்தானம் எல்லாம் அந்தக் காலத்து முகத்தோடு வருகிறார்கள். மணிவண்ணன், மனோபாலா இருவரும் இப்போது உயிரோடு இல்லை. மனோபாலாவை வைத்து வருகிற அந்த நீளமான காட்சிக்கு ஜனம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. பழைய சரக்குதான். என்ன குறைந்துபோயிற்று?

கடைசி வரிசை:
அது பழைய படம், பழைய படத்தின் நகல் இல்லை. அந்த வித்தியாசத்தைத்தான் முதலில் இருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். 2005-ல் 'சந்திரமுகி' சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடியது. அதே இயக்குநர் பி. வாசு, அதே வடிவேலு, 2023-ல் 'சந்திரமுகி 2'. வடிவேலு அதே பயத்தோடு அதே மாதிரி ஓடுகிறார். நான் சிரிக்கவில்லை. வடிவேலுவைத் திரையில் பார்த்தும் சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா?

வளசரவாக்கம் அம்மா:
அதை நானும் உணர்ந்தேன். என் பிள்ளைகள் டிவியில் முதல் 'சந்திரமுகி'யின் வடிவேலு காட்சிகளை மனப்பாடமாகச் சொல்லுவார்கள். இரண்டாம் பாகத்தில் இருந்து ஒரு வசனம்கூட வீட்டில் யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

கேன்டீன்:
எல்லாருக்கும் ஒரு தகவல். கேன்டீனில் நின்றால் வசனம் கேட்காது, சுவர் தடுத்துவிடும். சிரிப்பு மட்டும்தான் கேட்கும். இவ்வளவு பேசுகிறீர்களே என்று இன்று மதியக் காட்சியில் காது கொடுத்துக் கவனித்தேன்.

முதல் பாதியில் அடிக்கடி சிரிப்பு வந்தது. பால்கனி டிக்கெட் சொன்ன கௌதம் மேனன் காட்சியாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஒரு இடத்தில் விசில் சத்தம் வெளி கேட் வரை வந்தது. இடைவேளையில் வியாபாரம் நன்றாக இருந்தது, எல்லார் முகத்திலும் சிரிப்பு. அதற்குப் பிறகு பஜ்ஜிச் சட்டியைக் கழுவி, டீ டிரம்மைக் கழுவி, நாளைக்கு உருளைக்கிழங்கு வேகவைத்து இறக்குகிறவரை உள்ளே இருந்து இரைச்சலான இசைதான் வந்தது. சிரிப்பு ரொம்பக் குறைவு. கடைசியில் ஒரு தடவை பெரிதாக வந்தது.

கடைசி வரிசை அண்ணன் பக்கமும் உண்மை இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படம் விட்டு வெளியே வந்த ஒரு குடும்பம் போஸ்டர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போயிற்று. ராத்திரிக் காட்சிக்கு இப்போதே பைக்குகள் வந்து நிற்கின்றன. பப்ஸ் சூடு பண்ணப் போகிறேன், மிச்சம் நாளைக்கு எழுதுகிறேன்.